ஊர் பெயர் இல்லாத முகவரிக்கு ஒரு மெயில் லிஸ்ட்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஸ்ரீரமணாசிரமம் தபால் ஆபீசுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு அம்மாள் நின்றிருந்தார். எழுபது வயது இருக்கும். கையில் வெள்ளைத் துணி சுற்றித் தைத்த ஒரு பார்சல். பட்டாளத்தில் இருக்கும் பேரனுக்கு முறுக்கும் பொருள்விளங்கா உருண்டையும். கவுண்டரில் இருந்த பெண் எடை போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, "ஏங்க, இதுல ஊர் பேரே இல்லியே, போய்ச் சேருமா?" என்று கேட்டார்.

எட்டிப் பார்த்தேன். பேரனின் எண், பெயர், யூனிட், கடைசி வரியில் கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. பின்கோடு 9-இல் ஆரம்பித்தது.

"கட்டாயம் சேரும்மா. நானே அந்த வேலை பார்த்தவன்தான்" என்றேன்.

"போன்ல தெனமும் பேசறான். இருந்தாலும் கையில ஏதாவது போய்ச் சேரணும் இல்லீங்களா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் பரண் மேலிருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னேன். இடுப்பு வலியோடு இதெல்லாம் தேவையா என்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டேன். பெட்டிக்குள் நான் தேடியது இருந்தது. அதைப் பற்றியும், அதை முன்னிட்டு என் மனதில் இருக்கும் ஒரு கருத்தைப் பற்றியும் இன்று எழுதுகிறேன். கருத்து இதுதான்: ஒரு ஆபீஸ் தன் ஆளைப் போர்முனைக்கோ எல்லைக்கோ அனுப்பிவிட்டால், அவனுக்கு மாதம் ஒரு தாளாவது எழுதிப்போட வேண்டியது அந்த ஆபீசில் மிச்சம் இருப்பவர்களின் கடமை. அதை வீட்டாரும் செய்ய முடியாது, அரசாங்கமும் செய்ய முடியாது.

முதலில், இளைய வாசகர் யாராவது இருந்தால் அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி.

நான் ஆர்.எம்.எஸ்.காரன். ரயில்வே மெயில் சர்வீஸ். ரயில் என்ற பெயர் இருந்தாலும் நாங்கள் ரயில்வே ஊழியர்கள் இல்லை, தபால் துறை. இந்தியாவில் ஓடும் ரயிலில் கடிதம் பிரிக்கும் முதல் செக்‌ஷன் 1863 மே 1 அன்று அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்த 1970-களில் விழுப்புரம் வழியாக ராத்திரி வண்டிகள் எல்லாவற்றிலும் மெயில் வேன் இருக்கும். வேனின் ஒரு பக்கச் சுவர் முழுக்கப் புறாக்கூண்டு மாதிரி அறைகள். ஒவ்வொரு அறைக்கும் ஒரு ஊர். வண்டி ஆட ஆட, நின்றபடியே கடிதங்களை வீச வேண்டும். ஒரு ஹெட் சார்ட்டர், மூன்று நான்கு சார்ட்டர்கள், மெயில்மேன்கள் சேர்ந்தால் அது ஒரு 'செட்'. ஒரு முனையில் இறங்கினால் அங்கே ரெஸ்ட் ஹவுஸ். சமையல் முறை வைத்துச் செய்வோம். பகலில் தூங்கி, ராத்திரி திரும்பும் வண்டியில் ஏறுவோம். மாதத்தில் பாதி நாள் வீட்டாரை விட செட் ஆட்களோடுதான் சோறு. அதனால் செட் என்பது எங்களுக்கு இன்னொரு குடும்பம் மாதிரி.

இதற்கும் பட்டாளத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறைய இருக்கிறது. படை எங்கே போனாலும் தபால் பின்னாலேயே போக வேண்டும். 1856-இல் பாரசீகத்துக்குப் போன இந்தியப் படையோடுதான் நம் நாட்டின் முதல் களத் தபால் நிலையம் போனது. முதல் உலகப் போரில் பிரான்சிலும் மெசபடோமியாவிலும், இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா என்று படை போன இடமெல்லாம் இந்தியக் களத் தபால் நிலையங்கள் இருந்தன. அவற்றில் உட்கார்ந்து முத்திரை குத்தியவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற தபால், ஆர்.எம்.எஸ். ஊழியர்கள்தான். நேற்று வரை மெயில் வேனில் நின்றவன் இன்று காக்கி உடுப்பில் கூடாரத்தில் உட்கார்ந்தான். 1972 மார்ச் 1 அன்று ஆர்மி போஸ்டல் சர்வீஸ் தனிப் படைப்பிரிவாகப் பிரிந்த பிறகும், ஆட்களில் பெரும்பகுதி தபால் துறையிலிருந்து டெபுடேஷனில் போகிறவர்களே.

முகவரியில் ஊர் பெயர் இல்லாததற்கும் காரணம் உண்டு. எந்த யூனிட் எங்கே இருக்கிறது என்று எதிரிக்குத் தெரியக்கூடாது. அதனால் 56 ஏ.பி.ஓ. என்றால் டில்லி மையத்துக்கும், 99 ஏ.பி.ஓ. என்றால் கல்கத்தா மையத்துக்கும் போய்விடும். யூனிட் இன்றைக்கு எங்கே இருக்கிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அவர்கள் பிரித்து அனுப்புவார்கள். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தபோது, தமிழ்நாட்டுக்கு முதல் எண் 6. ராணுவத் தபாலுக்கு 9. எங்கள் ஆசிரமப் பகுதி 606603. எங்கள் ஹெட் சார்ட்டர் சொல்லுவார்: "ஆறைத் தலைகீழாப் புடிச்சா ஒம்போது. அவ்ளோதான்யா வித்தியாசம். நம்ம பையன்தான் அங்க தலைகீழா நிக்கறான்."

அந்த ஹெட் சார்ட்டர்தான் இந்தக் கட்டுரையின் நாயகர். அவர் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அண்ணன் என்றே சொல்கிறேன். செட்டில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டோம்.

1982-இல் நான் ஏ.பி.எஸ். டெபுடேஷனுக்கு எழுதிக் கொடுத்தேன். தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். தங்கை கல்யாணக் கடன். டெபுடேஷனில் போனால் கூடுதலாக ஒரு தொகை வரும் என்ற கணக்கு. நாக்பூர் பக்கத்தில் காம்ப்டியில் பயிற்சி. அணிவகுப்பு, துப்பாக்கி, சல்யூட். தொப்பை கரைந்தது. பிறகு வாரண்ட் ஆபீசர் என்ற பட்டத்தோடு வடகிழக்கு மலைப்பகுதியில் ஒரு களத் தபால் நிலையம். தகரக் கூரை, ஒரு மேஜை, ஒரு பெட்டகம், ஒரு எண் மட்டும் உள்ள முத்திரை. முத்திரையிலும் ஊர் பெயர் கிடையாது. கான்வாய் வந்தால் தபால். மண் சரிந்து பாதை அடைபட்டால் நாட்கணக்கில் ஒன்றும் இல்லை. சம்பள நாளில் மணியார்டர் வரிசை வாசல் தாண்டிப் போகும். எழுதத் தெரியாத ஜவான்களுக்கு ஃபாரம் எழுதித் தருவதும் என் வேலை.

வீட்டிலிருந்து கடிதம் வரும். மாடு கன்று போட்டது, பெரியவனுக்குக் காய்ச்சல் வந்து சரியானது, கிரிவலத்துக்குக் கூட்டம் அதிகம், பணம் வந்து சேர்ந்தது. படிக்கும்போது கண் கலங்கும். ஆனால் கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தேன். வீட்டுக் கடிதம் படித்தால் ஊருக்குப் போக வேண்டும் என்ற ஏக்கம்தான் அதிகமாகும். ராத்திரி தூக்கம் போகும். நான் யார், என் தொழில் என்ன, திரும்பிப் போனால் என் இடம் எது என்பதற்கு அதில் பதில் இருக்காது. மனைவிக்கு அது தெரியவும் நியாயம் இல்லை.

மூன்றாவது மாதம் ஒரு உறை வந்தது. உள்ளே மெல்லிய தாள் ஒன்று, கார்பன் பிரதி. மேலே கொட்டை எழுத்தில் 'மெயில் லிஸ்ட்' என்று இருந்தது. மெயில் லிஸ்ட் என்பது எத்தனை பை, எந்த ஊருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்த ஆளிடம் ஒப்படைக்கும் பட்டியல். அண்ணன் அதே அமைப்பில் செட் செய்திகளை வரிசை எண் போட்டு எழுதியிருந்தார். அப்போது எங்கள் பக்கத்திலிருந்து மூன்று பேர் ஏ.பி.எஸ்ஸில் இருந்தோம். மூன்று பேருக்கும் ஒரே தடவையில் கார்பன் வைத்து எழுதியிருக்கிறார். எனக்கு வந்தது கடைசிப் பிரதியாக இருக்க வேண்டும். எழுத்து நீல நிழலாகத்தான் தெரிந்தது.

இப்போது அது என் முன்னால் இருக்கிறது. உருப்படிகள் சில:

ரெஸ்ட் ஹவுஸ் கிணற்று மோட்டார் பழுது. நாங்கள் வாளியில் இறைக்கிறோம். புதிதாக வந்த பையன் நன்றாகப் பிரிக்கிறான், ஆனால் ஆரணியையும் ஆரணி ரோட்டையும் குழப்புகிறான். இன்னாருக்கு ஆண் குழந்தை. இன்னாருக்கு மாற்றல் உத்தரவு, அழுகிறார். வண்டி நேற்று மூன்று மணி நேரம் தாமதம், வேனிலேயே பொங்கல் சாப்பிட்டோம். சீனியாரிட்டி பட்டியல் வந்தது, உன் பெயர் சரியாக இருக்கிறது, நானே பார்த்தேன். உன் டம்ளர் ஆணியில்தான் தொங்குகிறது, யாரையும் தொட விடவில்லை.

கடைசி வரி: "மொத்தம் 11 உருப்படி. குறைவு, சேதம் இல்லை. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டு அனுப்பவும்."

பெட்டியில் இப்படி முப்பத்தொரு தாள்கள் இருக்கின்றன. ஏறக்குறைய மாதம் ஒன்று. 1983 கடைசியில் பதினாறு வருட சர்வீஸ் முடித்தவர்களுக்கு ஒரு பதவி உயர்வு என்று திட்டம் வந்தது. எங்கள் ஆட்கள் டி.பி.ஓ.பி. என்பார்கள். மலை உச்சியில் இருந்த எனக்கு அதை முதலில் சொன்னது அண்ணனின் தாள்தான். சர்க்குலர் கைக்கு வரப் பல வாரம் ஆனது.

அந்தத் தாள் வந்த அன்றைக்கு நன்றாகத் தூங்குவேன். ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது. வீட்டுக் கடிதம் 'எப்போ வருவ?' என்று கேட்டது. அண்ணனின் தாள் 'நீ இங்கேதான் இருக்கே' என்று சொன்னது.

இது அண்ணன் ஒருவருக்கு மட்டும் தோன்றிய யோசனை என்று வெகு நாள் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு தபால் வரலாறு படிக்க ஆரம்பித்ததும்தான் தெரிந்தது, கடல் தாண்டியும் எங்கள் சாதிக்காரர்கள் இதையே செய்திருக்கிறார்கள் என்று. சாதி என்றால் சார்ட்டர் சாதி. அமெரிக்காவில் 1864-இல் சிகாகோவுக்கும் கிளிண்டனுக்கும் இடையே தொடங்கிய ரயில் அஞ்சல், 1977 ஜூன் 30 வரை ஓடியது. இரண்டாம் உலகப் போரில் அந்த ஊழியர்கள் பலர் படைக்குப் போனார்கள். பின்னால் தங்கியவர்கள், போனவர்களுக்காகச் செய்திமடல் தயாரித்து அனுப்பினார்கள். யார் எந்தப் பக்கம் இருக்கிறார்கள், ஆபீசில் என்ன நடக்கிறது என்கிற சின்னச் சின்னச் சமாசாரம்தான். ஒருவன் பசிபிக் தீவில், இன்னொருவன் ஐரோப்பாவில். ஒருவரை ஒருவர் பார்க்க வழியில்லை. ஆனால் ஒரே தாளில் இருவர் பெயரும் இருந்தது.

அது எப்படிப்பட்ட காலம் என்று நினைத்துப் பாருங்கள். கப்பலில் கடிதத்துக்கு இடமில்லை என்று கடிதத்தையே புகைப்படச் சுருளாக்கி அனுப்பினார்கள். 1942 ஜூனில் தொடங்கிய அந்த 'வி-மெயில்' முறையில் 37 பை பிடிக்கும் ஒன்றரை லட்சம் கடிதம் ஒரே பையில் அடங்கியது. தணிக்கை வேறு. யூனிட் பெயர், இடம், கப்பல் எதையும் எழுதக்கூடாது. எழுத அனுமதித்த விஷயங்களில் முக்கியமானது ஒன்றும் மிச்சமில்லை என்று தோன்றும். ஆனால் கிணற்று மோட்டார் பழுதை எந்தத் தணிக்கை அதிகாரி வெட்டுவார்? முக்கியம் இல்லாத செய்திகள்தான் முக்கியமான வேலையைச் செய்தன.

பிரிட்டனில் முதல் உலகப் போரின்போது தபால் துறையிலிருந்து 75,000 பேர் போருக்குப் போனார்கள். தபால்காரர்களே நிறைந்த 'போஸ்ட் ஆபீஸ் ரைஃபிள்ஸ்' என்று ஒரு படைப்பிரிவே இருந்தது. துறையில் சுமார் 8,500 பேர் திரும்பவில்லை. லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க்கில் மரக்கொட்டகை போட்டு 2,500 பேர், பெரும்பாலும் பெண்கள், உச்சத்தில் வாரத்துக்கு 1.2 கோடி கடிதங்களைப் போர்முனைக்குப் பிரித்தார்கள். போனவர்கள் விட்டுச் சென்ற நாற்காலிகளில் யாரோ உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டே இருந்தார்கள். போனவன் மனதில் எழும் கேள்வி எந்த நாட்டிலும் ஒன்றுதான்: என் நாற்காலி என்னுடையதாக இன்னும் இருக்கிறதா?

நம் நாட்டில் ராணுவத்துக்கென்று பத்திரிகை இல்லாமல் இல்லை. 1909-இல் தொடங்கிய 'ஃபௌஜி அக்பார்' 1954-இல் 'சைனிக் சமாச்சார்' ஆனது. தமிழ்ப் பதிப்பும் உண்டு. பர்மா போர்முனையில் இருந்தவர்களுக்காக 1944 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து 'சியாக்' என்ற தினசரி வந்தது. நல்ல பத்திரிகைகள். நானும் மலையில் சைனிக் சமாச்சார் படித்திருக்கிறேன். ஆனால் அது எல்லாச் சிப்பாய்க்கும் எழுதப்பட்டது. அதில் என் டம்ளர் வராது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டவன் நான்.

1985-இல் திரும்பி வந்தேன். முதல் நாள் டூட்டிக்கு மெயில் வேனில் ஏறியபோது, நடுவில் மூன்று வருடம் ஓடியது போலவே இல்லை. ஆரணியைக் குழப்பும் பையன் யார் என்று பார்த்ததும் தெரிந்தது. ரெஸ்ட் ஹவுஸில் டம்ளர் ஆணியில் தொங்கியது. உள்ளே ஒரு சிலந்தி குடியிருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து அண்ணன் ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் எங்கள் செட்டிலிருந்து ஒரு இளைஞன், அதே ஆரணிப் பையன், டெபுடேஷனில் போனான். ஸ்டேஷனில் வழியனுப்பும்போது, "தம்பி, கவலைப்படாதே, மாசா மாசம் மெயில் லிஸ்ட் போடறேன்" என்றேன். அவனுக்கு ரொம்பச் சந்தோஷம். முதல் மாதம் எழுதினேன். இரண்டாம் மாதமும் எழுதினேன். மூன்றாம் மாதம் வீட்டுக்குக் கடைக்கால் போட்டோம். செங்கல், சிமெண்ட், கொத்தனார். பிறகு எழுதலாம் என்று இருந்தேன். அப்புறம் எழுதாததற்கு வெட்கப்பட்டு எழுதாமல் இருந்தேன். இந்த இரண்டாவது வகைதான் மோசமானது. நாள் ஆக ஆக அதிகமாகும்.

அவன் மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்தான். ரெஸ்ட் ஹவுஸ் வாசலில் பெட்டியோடு நின்றான். உள்ளே புதுமுகங்கள் நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் உள்ளே வராமல், "சார், நான் எங்க உக்காரட்டும்?" என்று கேட்டான். அதுவரை என்னை அண்ணே என்று கூப்பிட்டவன் சார் என்றான்.

சாப்பிடும்போது, "பெரியண்ணன் எப்படி இருக்காரு? நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வரணும்" என்றான்.

பெரியண்ணன் இறந்து அப்போது ஏழு மாதம் ஆகியிருந்தது. செட்டில் எல்லோரும் போய் நின்றோம். மாலை போட்டோம். அவனுக்கு எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, எழுதவில்லை. அவன் கையில் இருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்க் கை கழுவினான். எங்களை ஒன்றும் கேட்கவில்லை. சில மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அவன் போனதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரிந்த காரணத்தைத்தான் நான் சொல்ல முடியும்.

எங்கள் பகுதிக்காரர்களுக்குக் காத்திருப்பது என்றால் என்ன என்று தெரியும். பழைய வட ஆற்காடு மாவட்டம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய பூமி. வேலூர் பக்கம் கம்மவான்பேட்டையைப் 'பட்டாளத்து ஊர்' என்றே சொல்வார்கள். ஆசிரமத்துக்கு வந்து போகிறவர்களுக்கு ஆர்தர் ஆஸ்பர்ன் கதை தெரிந்திருக்கும். 1941-இல் மனைவியையும் குழந்தைகளையும் திருவண்ணாமலையில் விட்டுவிட்டு, பாங்காக்கில் கல்லூரி வேலைக்குத் திரும்பினார். அந்த டிசம்பரில் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். போர் முடியும் வரை தடுப்பு முகாமில் இருந்தார். குடும்பம் இங்கே, பகவானின் நிழலில், நான்கு வருடம் காத்திருந்தது. 1945-இல்தான் வந்து சேர்ந்தார். அவர்தான் 1964-இல் 'மவுண்டன் பாத்' பத்திரிகையைத் தொடங்கி, உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்த பக்தர்களை ஒரே தாளில் கூட்டியவர். பிரிந்து கிடந்த மனிதருக்குச் சிதறிக் கிடப்பவர்களின் அருமை தெரிந்திருக்கிறது என்று நான் எண்ணிக்கொள்வேன்.

இனி, எதிர்வாதங்கள். நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது மூன்று சொன்னார்கள்.

ஒன்று, "இப்போ வாட்ஸ்அப் இருக்கே." இருக்கிறது. எங்கள் ஓய்வு பெற்றோர் குழுவில் நூற்று நாற்பது பேர். தினமும் காலையில் அறுபது ரோஜாப்பூ வருகிறது. யாராவது காலமானால் எழுபது கும்பிடு வருகிறது, அதற்கு நடுவில் ஒருவர் பிறந்தநாள் கேக் போடுகிறார். நான் வாட்ஸ்அப்பைக் குறை சொல்லவில்லை. அதிலேயே அண்ணனின் மெயில் லிஸ்ட்டைப் போடலாம், ஒரு நொடியில் போய்ச் சேரும். ஆனால் யார் போடுவது? எல்லோரும் பேசும் இடத்தில் பொறுப்பு ஒருவருக்கும் இல்லை. ஒருவர் உட்கார்ந்து, இந்த மாதம் யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்து, எண் போட்டு, கீழே 'மொத்தம் 11' என்று கையெழுத்துப் போட்டால்தான் அது மெயில் லிஸ்ட். காகிதமா போனா என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

இரண்டு, "போனில் பேசினால் போதாதா?" போனில் பேசினால் அந்த நேரத்துக்குப் போதும். ஆனால் தாளை மறுநாளும் படிக்கலாம். பக்கத்துக் கூடாரத்துக்காரனிடம் காட்டலாம். நாற்பது வருடம் கழித்துப் பரணிலிருந்து இறக்கலாம். கையில் ஏதாவது போய்ச் சேரணும் என்று அந்த அம்மாள் சொன்னதும் இதைத்தான்.

மூன்று, "வேலைப்பளுவில் யாருக்கய்யா நேரம்?" இதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் நானே சொன்ன சாக்கு இது. அண்ணன் ராத்திரி முழுக்க நின்றுகொண்டு பிரித்துவிட்டு, விடியற்காலையில் ரெஸ்ட் ஹவுஸ் திண்ணையில் உட்கார்ந்து எழுதுவார். அரை மணி நேரம் ஆகும். எனக்கு அந்த அரை மணி நேரம் மூன்று வருடம் கிடைக்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு.

முதலாவது, இப்போது பணியில் இருப்பவர்களுக்கு. தபால் துறை என்றில்லை, எந்த ஆபீசாக இருந்தாலும் சரி. உங்கள் ஆள் ஒருவர் ராணுவத்துக்கோ, எல்லைக்கோ, வெளிநாட்டுப் பணிக்கோ போனால், வழியனுப்பு விழாவிலேயே இன்னொரு ஆளையும் நியமியுங்கள். இவர் மாதம் ஒரு பக்கம் எழுதுவார் என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். சால்வையும் ஸ்வீட்டும் அன்றோடு சரி. அந்த ஒரு பக்கம் அவர் திரும்பும் வரை பேசும். சீனியாரிட்டி, மாற்றல், பிறப்பு, இறப்பு, கிணற்று மோட்டார் எல்லாம் எழுதுங்கள். முக்கியமாக, இறப்பை எழுதுங்கள்.

இரண்டாவது, என்னைப் போல ஓய்வு பெற்றவர்களுக்கு. ஆர்.எம்.எஸ். கண் முன்னால் சுருங்கிக்கொண்டிருக்கிறது. ஓடும் ரயிலில் கடிதம் பிரித்தது பழங்கதை. பிரிட்டனிலும் 2004 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். நம் ரெஜிஸ்டர் தபாலே 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்பீட் போஸ்ட்டோடு கலந்துவிட்டது. காலம் மாறுவதை நாம் நிறுத்த முடியாது, நிறுத்தவும் வேண்டாம். ஆனால் நம் பரண்களில் செட் ஆட்களின் கடிதங்கள், சங்கத்தின் சைக்ளோஸ்டைல் சுற்றறிக்கைகள், ரெஸ்ட் ஹவுஸ் நோட்டீஸ்கள், டெபுடேஷனில் போனவர்கள் எழுதிய பதில்கள் கிடக்கின்றன. நாம் போனால் பிள்ளைகள் கிலோ கணக்கில் பழைய பேப்பருக்குப் போடுவார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அது என்னவென்று நாம் சொல்லவில்லை. ராணுவ வரலாற்றில் படைகளும் தளபதிகளும் இருக்கிறார்கள். தபால் வரலாற்றில் தபால்தலைகள் இருக்கின்றன. நம்மைப் போன்ற சார்ட்டர்கள் இரண்டிலும் ஓரமாகத்தான் வருகிறோம். நம் கையெழுத்தில் இருப்பதைத் தவிர நம்மைப் பற்றி வேறு சாட்சி குறைவு. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் இருக்கின்றன. முதலில் தூசி தட்டி, ஒரு பையில் போட்டு, மேலே என்னவென்று ஒரு சீட்டு எழுதி வையுங்கள். பையில் லேபிள் கட்டுவது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய வேலையா?

நான் என் பங்கைத் தொடங்கிவிட்டேன். முப்பத்தொரு தாள்களையும் வரிசையாக அடுக்கி, பேரனை விட்டுப் படம் எடுக்க வைத்தேன். கார்பன் எழுத்து மங்கிய இடங்களை நான் வாய்விட்டுப் படிக்க, அவன் தட்டச்சு செய்தான். நடுவில், "தாத்தா, இந்த டம்ளர் இப்ப எங்க?" என்று கேட்டான். சமையலறையில் இருக்கிறது, அளவுக்குப் போடும் டம்ளர் அதுதான் என்று காட்டினேன்.

பிறகு ஆரணிப் பையனின் முகவரியை விசாரித்தேன். பையன் என்ன பையன், அவனும் ஓய்வு பெற்றாயிற்று. கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை திண்ணையில் உட்கார்ந்து ஒரு மெயில் லிஸ்ட் எழுதினேன். முதல் உருப்படி, பெரியண்ணன் காலமானது, முப்பது வருடத்துக்கு மேல் தாமதமாகத் தெரிவிக்கப்படுகிறது. கடைசியில் 'குறைவு, சேதம் இல்லை' என்று எழுதப் போய், நிறுத்திவிட்டு, 'குறைவு உண்டு, என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திங்கட்கிழமை ஆசிரமம் தபால் ஆபீசில் போட்டுவிட்டு வந்தேன். பதில் இன்னும் வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்குப் பதினொன்றரைக்கு வருவார். தினமும் அந்த நேரத்துக்கு வாசலில்தான் இருக்கிறேன்.